தூக்கிக் கட்டிய ஜீப்

“மேடம், என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. தெரிஞ்சா அப்புறம் அந்தத் தெருவுல நான் இருக்க முடியாது.”

பின் இருக்கையிலிருந்து பொன்னுரங்கம் மறுபடியும் அதையே சொன்னார். முன்னால் உட்கார்ந்திருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் கோகிலவாணிக்கு எரிச்சலாக வந்தது.

“வராதுன்னு சொல்லிட்டேனே! அவன் இந்தப் பக்கம் வருவானா, அதைச் சொல்லுங்க.”

“வருவான் மேடம். ஸ்கூல் விடுற நேரத்துக்கு இந்த ரோட்டுல ஒரு ரவுண்டு வரலேன்னா அவனுக்குத் தூக்கம் வராது.”

முடிச்சூர் சாலையோரம், ஒரு டயர்க் கடையை ஒட்டி அவர்களுடைய போக்குவரத்துத் துறை ஜீப் ஒதுங்கி நின்றது. எதிரே பள்ளிக்கூடம். வாசலில் ஆட்டோக்களும், பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்களும் சாலையில் பாதியை அடைத்திருந்தார்கள்.

“வண்டியை எவ்வளவு உயரம் தூக்கியிருக்கான்?”

பொன்னுரங்கம் தன் கழுத்துக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். “பானெட்டே இங்க வருது. டிராக்டர் கணக்கா டயரு, முன்னாடி பெருசா இரும்புக் கம்பி. போன வாரம் ஒரு பாப்பா சைக்கிளோட எதுர்ல நின்னுகினு கீது, இவனுக்குத் தெரியவே இல்ல. ஜனங்க கத்தின கத்துல பிரேக் போட்டான். எறங்கிப் பாத்துட்டுச் சிரிக்கிறான் மேடம்.”

“உங்களுக்கும் அவனுக்கும் ஏதாவது தகராறா? மனை, வேலி, அந்த மாதிரி?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

கோகிலவாணி நம்பவில்லை. ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் மாட்டிவிடுவதை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள்.

“அவங்க வீட்ல போய்ச் சொல்லியிருக்கலாமே?”

“யார் கைல சொல்றது? பெத்தவன்தான் ஆசையா வாங்கிக் குடுத்தான். இப்ப ஒரு வார்த்தை கேட்டா பையன் சோறு துன்ன மாட்டான், ஆத்தாக்காரி அழுவா. பெத்தவனால வாயே தொறக்க முடியல.”

“அந்த அப்பனைத்தான் முதல்ல பிடிச்சு உள்ள போடணும்.”

பொன்னுரங்கம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, “போடுங்க மேடம்,” என்றார்.

பள்ளிக்கூட மணி அடித்தது. அதே சமயம் தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது.

“அவன்தான்!” என்றவர், இருக்கைக்குக் கீழே சரிந்து பதுங்கிக்கொண்டார். “மேடம்... பையனை அடிக்க மாட்டீங்களே? போலீஸ் கேசு, ஜெயிலுன்னு எதுவும் ஆவாதே?”

மாட்டிவிட்டு இப்போது பயப்படுகிறார் என்று நினைத்தபடி கோகிலவாணி இறங்கினாள். டிரைவர் தனசிங்கும் பின்னாலேயே ஓடினார்.

கறுப்பு ஜீப் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. கண்ணாடிகள் மூடியிருந்தும் பாட்டு வெளியே அலறியது. தனசிங் கையை நீட்டி மறிக்க, ஜீப் நின்றது. கோகிலவாணி நம்பர் பிளேட்டைப் பார்க்க அதன் முன்னால் போனாள். அவள் குள்ளம். பானெட் அவள் தலையை மறைத்தது.

தனசிங் ஓட்டுநர் பக்கக் கதவருகே போனதும் வழி கிடைத்துவிட்டது என்று வண்டிக்குள் இருந்தவன் நினைத்திருக்க வேண்டும். ஜீப் மறுபடி உறுமியது.

“மேடம், தள்ளுங்க! நீங்க நிக்கிறது அவனுக்குத் தெரியாது!” துறை ஜீப்புக்குள்ளிருந்து பொன்னுரங்கம் அலறினார்.

கோகிலவாணி சட்டென்று ஒதுங்கியும் இரும்புக் கம்பி அவள் தோளில் இடித்தது. அவள் பின்னால் சாய்ந்து விழப்போனாள். தனசிங் கண்ணாடியை இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டினார். ஜீப் குலுங்கி நின்றது. பள்ளிப் பிள்ளைகள் உறைந்துபோய்ப் பார்த்தார்கள்.

குதித்து இறங்கியவனுக்கு இருபத்திரண்டு வயதுக்குள்தான் இருக்கும். பெயர் தீனா என்றான். முகம் வெளுத்திருந்தாலும் வாய் அடங்கவில்லை.

“இன்னா மேடம், பாத்து நிக்கறதில்லையா?”

“நான் பார்த்துதான் நின்னேன். உனக்குத்தான் தெரியல.” அவள் தோளைப் பிடித்தபடி உள்ளே கைவிட்டுச் சாவியை உருவிக்கொண்டாள். “கம்பெனி குடுத்த மாதிரி இல்ல இந்த வண்டி. வண்டியை எடுத்துட்டுப் போறோம்.”

“கடையில ஓப்பனா விக்கிறான், மாட்டினா தப்பா? தாம்பரத்துல எத்தினி பேரு வச்சிகிறான்!”

“அவங்களும் மாட்டுவாங்க. பழைய உயரத்துக்குக் கொண்டு வர்றேன்னு எழுதிக் குடு, பழைய டயரை மாட்டிக் காட்டு. அப்புறம் வண்டி உனக்கு.”

தீனா பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். “எவனோ போட்டுக் குடுத்துகிறான். எங்க தெருவுல எவனுக்கோ வயித்தெரிச்சல். யாருன்னு மட்டும் தெரியட்டும், அவனை வூடு பூந்து அடிக்கிறேன்.”

கோகிலவாணி துறை ஜீப் பக்கம் திரும்பாமல் இருக்கக் கவனமாக இருந்தாள். என்ன பகையோ, அந்த மனிதர் கத்தியிருக்காவிட்டால் அவள் இன்று வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள்.

“யாரும் போட்டுக் குடுக்கல. எழுதிக் குடு.”

“ஒண்ணும் எழுத மாட்டேன். எங்கப்பா வந்து பேசுவாரு. அவரு வந்தா சாவிய நீங்களே குடுப்பீங்க, பாருங்க.” அவன் போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தான்.

துறை ஜீப்பின் பின் இருக்கையில் ஒரு போன் அடிக்க ஆரம்பித்தது. பொன்னுரங்கம் அதை எடுக்காமல், இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார்.