மனோகரியின் மரவள்ளி

பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேல் பகுதி வீட்டுக்குக் குடிவந்த அன்று, முன்னம் இருந்த பெடியள் ஜன்னலடியில் விட்டுப்போன சின்னச் செடியைக் கண்டு மனோகரிக்கு வாயெல்லாம் பல். விரல் விரித்தமாதிரி இலை. மரவள்ளியேதான். வளர்ந்ததும் இலையை அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை சுண்டலாம்.

ஆனால் கீழ் இலைகள் மஞ்சளாகி, நுனி கருகத் தொடங்கியது. அவள் தண்ணீரை இன்னும் ஊற்றினாள். செடி இன்னும் வாடியது.

எதிர்வீட்டு முசியே றொபேர்தான் காப்பாற்றினார். வேலைக்குப் போகிற வழியில் திறந்த கதவால் செடியைக் கண்டவர், உள்ளே வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம் கூடிப்போச்சென்று கையால் காட்டி, தட்டில் நின்ற தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, சாடியை ஹீற்றரிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு வந்த இலையெல்லாம் நல்ல பச்சை.

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி அருளம்பலம் செடியைக் கண்டதும் ஜன்னல் சீலையை இழுத்து மூடினான்.

“அக்கா, இது மரவள்ளியில்லை. கஞ்சா.”

“விசர்க்கதை கதையாதை.”

“உண்மையாத்தான். பொலிஸ் கண்டால் எங்கட அகதி வழக்கு அவ்வளவுதான்.”

மனோகரி மெல்லக் கதிரையில் இருந்தாள்.

“பொலிஸ் கண்டிட்டுதடா.”

“எப்ப?”

“மஞ்சள் இலைக்கு வைத்தியம் பார்த்ததே எதிர்வீட்டுப் பொலிஸ்காரர்தான். இடுப்பில துவக்கோட வந்து நிண்டவர்.”

“என்ன சொன்னவர்?”

“கையாலதான் காட்டினவர். வடிவா வளக்கட்டாம். முத்தினாப்போல தனக்கும் கொஞ்சம் தரட்டாம்.” மனோகரிக்குச் சிரிப்பு வந்தது. “நான் வறைக்காக்குமெண்டு ஓமெண்டிட்டன்.”