திரும்பும் அடி

மில் சங்கத்தின் பறைக்குழு நாற்பது ஆண்டுகளாக இரண்டே அடிகளைத்தான் அடிக்கிறது. ஒன்று வேலைநிறுத்தத்துக்கு, மற்றொன்று வேலைக்குத் திரும்புவதற்கு. எல்லோரும் தறிச்சத்தத்தில் காது போனவர்கள். முன்னால் நிற்பவரின் குச்சியைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். இன்று முன்னால் நிற்பது சங்க அலுவலகம் பெருக்கும் மரியபுஷ்பம். அவளுக்கு மட்டும் காது கேட்கும்.

பேச்சுவார்த்தைக்காகப் பறை எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு மில்லுக்குள் போன செயலாளர் வந்து சொல்லும்வரை வேலைநிறுத்த அடி நிற்கக் கூடாது. ஆனால் மூடிய கேட்டுக்கு உள்ளிருந்து இப்போது திரும்பும் அடி கேட்டது. குழுவின் பறைகள் அத்தனையும் வெளியேதான் இருந்தன.

“குச்சி ஏம்மா தடுமாறுது?” என்று பின்வரிசையில் பறையோடு நின்ற சவரிமுத்து கத்தினார்.

“ஒண்ணுமில்லண்ணே” என்று திரும்பி உதட்டை அசைத்தாள்.

உள்ளே சத்தம் கூடியது. ஓங்கிய அவள் குச்சி இறங்கவில்லை. பின்னால் பத்தொன்பது குச்சிகளும் அந்தரத்தில் நின்றன.