கை நடுக்கம்

"என்னங்க, என் இஸ்திரி மேஜை எங்கே?"

பதில் மொட்டை மாடியிலிருந்து வந்தது. "இங்கேதான் இருக்கு. ஒரு பத்து நிமிஷம்!"

தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் கொடுக்க வேண்டிய ஏழு சட்டைகள் கசங்கிக் கிடக்கின்றன. இந்த மனிதர் மேஜையைத் தூக்கிக்கொண்டு நட்சத்திரம் பார்க்கப் போயிருக்கிறார்.

பத்து நாளாக இதே கூத்துதான். மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன பைனாகுலர் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அவ்வளவுதான், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வானத்தை நிமிர்ந்து பார்க்காதவருக்கு நட்சத்திரப் பைத்தியம் பிடித்துவிட்டது.

முதலில் மாப் குச்சி போனது. அதன் தலையில் பைனாகுலரைக் கட்டி, அடியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு பார்த்தார்.

"ஆடுது" என்றார்.

அடுத்தது தலையணை உறை. அதில் மணலைக் கொட்டிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, மேலே பைனாகுலரைப் பதித்தார்.

"இன்னும் ஆடுது. கை நடுங்குது பாரு, அதான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று அவளும் குத்திப் பார்த்தாள். மனிதர் காதிலேயே வாங்கவில்லை.

பொழுதுபோக்குத்தானே, தொலையட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் அவர் ஓட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலை பஸ் போன மாதம் நின்றுபோனது. அவளுடைய அண்ணன் யார் யார் காலையோ பிடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். மெடிக்கல் முடிந்து பேப்பரெல்லாம் தயார். போய்க் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்க வேண்டியதுதான் பாக்கி.

இவரோ "நாளைக்குப் போறேன்" என்றே பத்து நாளை ஓட்டிவிட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அண்ணனுக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். அவர் ஒரு தடவை முகத்தைத் திருப்பினால் திருப்பியதுதான்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று படியேறினாள்.

மாடியில் இஸ்திரி மேஜை சுவரோரம் விரிந்து நின்றது. அதன்மேல் மணல் தலையணை. அதன்மேல், பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிய பைனாகுலர். இடி விழுந்தாலும் அசையாது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனசுல என்ன நினைச்சுட்டிருக்கீங்க? நாளைக்கு..."

"சண்டை அப்புறம் போடலாம். முதல்ல இதுல பாரு. தொடாம பாரு."

முணுமுணுத்துக்கொண்டே குனிந்தாள்.

"என்ன தெரியுது?"

"நட்சத்திரம். வேற என்ன தெரியும், உங்க மச்சானா தெரிவார்?"

"எத்தனை?"

"ஒண்ணு."

"நல்லா பாரு. பக்கத்துல இன்னொண்ணு? ஒட்டினாப்பல, கலங்கலா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. குண்டூசி முனை மாதிரி."

அவர் கைப்பிடிச் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நான் போகலை" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டக் கூடாதுன்னு கங்கணம் கட்டியிருக்கீங்களா? உழைக்க உடம்பு வணங்கலைன்னா நேரா சொல்லுங்க! என் அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எதிர்ல வர்ற வண்டியோட லைட் ஒவ்வொண்ணும் எனக்கு ரெண்டா தெரியுதும்மா. நாலு மாசமா."

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பஸ் குலுக்கல்னு நினைச்சேன். இந்த பைனாகுலர்ல பார்த்தா நட்சத்திரமும் ரெண்டாத்தான் இருந்துச்சு. கைதான் நடுங்குதுன்னு சொல்லிக்கிட்டேன். கையைக் குறை சொல்லியே குச்சி கட்டினேன், மணல் கொட்டினேன். இன்னிக்குக் கையே படலை. அப்பவும் ரெண்டுதான். காலையில நாப்பது பிள்ளைங்க அந்த பஸ்ல ஏறும்."

"டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னுதானே எழுதிக் கொடுத்தார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு முன்னாடி போனவர் அந்த எழுத்துப் பலகையைச் சத்தமா படிச்சார். கதவு திறந்திருந்துச்சு. வெளியில நின்னு மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டேன். வேலை போயிடுமோன்னு பயம். உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா காறித் துப்புவார்."

அவளுக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. மணல் ஒட்டிய அவருடைய கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

"கண்ணைக் காட்டிச் சரி பண்ணிக்கலாம். அதுவரைக்கும் என் மெஷின் ஓடாதா என்ன?"

அப்போது அவருடைய போன் அடித்தது. மச்சான்தான். எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அவர் அதையே வெறித்துப் பார்த்தார். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"மாப்பிள்ளை நாளைக்குப் போறாரா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு!" அண்ணனின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"இல்லைண்ணா. அவர் போறேன்னுதான் ஒத்தைக் கால்ல நிக்கறார். நான்தான் போகக் கூடாதுன்னு தடுத்துட்டேன். திட்டறதை என்னைத் திட்டு."