வாய் நிறையக் குண்டூசி

இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டு அரங்கின் வாசலில், தையல்காரி நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள். வாய் நிறையக் குண்டூசி. நாற்காலியைப் பிடித்திருப்பவள் அவளுடைய நாத்தனார். இவர்களுடைய ஏரிக் காப்புக் குழு தன் துணிப்படத்தை மாட்டக் கழிப்பறைப் பக்கத்துச் சுவரை ஒதுக்கியிருக்கிறார்கள். "அப்படியே பக்கெட்டையும் குடுத்துடுங்க, கழுவிக்கிட்டே விளக்கம் சொல்றோம்" என்று நாத்தனார் அப்போதே கேட்டுவிட்டாள். வாசலுக்கு நேரே பளபளவென்று தொங்குகிறது, மாநாட்டுச் செலவை ஏற்ற கட்டுமானக் கம்பெனியின் பெயர் பொறித்த பேனர். ஏரியில் பாதியை மண்கொட்டி மூடியதும் அவர்கள்தான். அந்தப் பேனர் மேல் இப்போது ஏரி ஏறிக்கொண்டிருக்கிறது, துணியில் தைத்த ஏரி. தண்ணீருக்கு நீலச் சட்டைத்துணி, கோரைக்குப் பச்சை நூல், மூடிய பாதிக்குக் கிழிந்த சாக்கு. உள்ளே யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியே வரும் காலை வெயில் அவள் உதட்டோர ஊசிகளில் மினுங்குகிறது. கழுத்தில் அட்டை ஆட, அமைப்பாளர் ஓடிவருகிறார். "அம்மா, அம்மா! அது ஸ்பான்சர் பேனர், மூடக்கூடாது!" தையல்காரியால் பேச முடியாது; வாயைத் திறந்தால் ஊசி கொட்டிவிடும். திரும்பிப் பார்க்காமலே இன்னொன்றை உருவிக் குத்துகிறாள். "ஏன் சார், ஏரியை மூடினப்போ இப்படி ஓடி வந்தீங்களா?" என்கிறாள் நாத்தனார். அவர் உருவி எடுப்பதற்காகத் துணியின் ஓரத்தைப் பிடிக்கிறார். தையல்காரி கடைசி ஊசியையும் வாயிலிருந்து எடுத்துவிட்டு, குனிந்து அவரைப் பார்க்கிறாள். "பிடிச்சதுதான் பிடிச்சீங்க, கொஞ்சம் அந்தப் பக்கமா இழுங்க சார். இன்னும் ஒரு எழுத்து தெரியுது."