ஜன்னலுக்குத் தடை

டமார்!

"எனிட்! உனக்கென்ன பைத்தியமா? சம்மட்டியைக் கீழே போடு!" தேநீர் சிந்தச் சிந்த ஓடிவந்தார் கணவர் வில்ஃப்.

எனிட் போடவில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் முந்நூறு வருஷமாக நிற்கும் கல் பண்ணை வீடு அது. ஜன்னலுக்கு வரி போட்ட காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வரியை மிச்சம்பிடிக்க, சமையலறையின் தெற்கு ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டான். பட்டப்பகலிலும் விளக்கு போட்டுத்தான் சமையல். எனிட்டுக்கோ கண் மங்கிக்கொண்டே வந்தது. இருக்கிற பார்வை போவதற்குள் அங்கே வெயில் விழுவதைப் பார்த்துவிட வேண்டும்.

"பழமையான வீடு. பாதுகாக்க வேண்டிய கட்டடம்னு அரசாங்கப் பட்டியல்ல இருக்கு. ஒரு கல்லைப் பெயர்த்தாலும் ஜெயில்னு எத்தனை தடவை சொல்றது?"

"முப்பது வருஷமா இதையேதான் சொல்றே. கூரை ஒழுகுதுன்னா பட்டியல். கதவிடுக்குல காத்து வருதுன்னா பட்டியல். ஜெயில்லயாவது ஜன்னல் இருக்கும், போறேன் விடு!"

வாசலில் கார் வந்து நின்றது.

"யாரது?"

"கட்டடம் பார்க்கிற அதிகாரி. அனுமதி கேட்டு நான்தான் போன் பண்ணினேன். அவங்க வர்றதுக்குள்ள பொறுமை போயிடுச்சு."

வில்ஃப் முகம் வெளிறியது. பாய்ந்து போய்க் கதவைப் பாதி திறந்தார்.

"தப்பான வீடு மேடம்! நீங்க தேடறது பக்கத்துப் பண்ணை!"

எனிட் குழம்பினாள். எப்போதும் பட்டியல், ஜெயில் என்று பயமுறுத்துகிற மனுஷன், வந்த அதிகாரியை ஏன் விரட்டுகிறார்? தன்னைக் காப்பாற்றத்தானோ? பாவம்! மனசு இளகி, சம்மட்டியோடு முன்னால் வந்தாள்.

"அவரை விடுங்க. இடிச்சது நான்தான். ஜன்னலை மட்டும் திறந்துக்கறேன், அப்புறம் எந்தத் தண்டனைன்னாலும் சரி."

அதிகாரி மிஸ் ஹெப்டன் சுவரைப் பார்த்தாள். சம்மட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த பழைய ஃபைலைப் பார்த்தாள்.

"தண்டனையா? எதுக்கு?"

"பட்டியல்ல இருக்கிற வீடாச்சே!"

"நீ போய் டீ போடு எனிட், நான் பேசிக்கறேன்" என்று குறுக்கே புகுந்தார் வில்ஃப்.

மிஸ் ஹெப்டன் ஃபைலை மறுபடி புரட்டினாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. இந்த வீட்டைப் பட்டியல்ல சேர்க்கலை, ஜன்னலைத் தாராளமா திறந்துக்கலாம்னு முப்பது வருஷத்துக்கு முன்னாலயே கடிதம் அனுப்பியிருக்கோம். 'ரொம்ப நன்றி, என் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம்'னு உங்க வீட்டுக்காரர் பதிலும் போட்டிருக்காரே!"