வீட்டில் மாட்டாத படம்

காலையிலிருந்து எழுபத்தொன்பது உறைகளைப் பிரித்தாயிற்று. எண்பதாவதைத் துர்கா பிரித்தாள். உள்ளே அவளுடைய அப்பா இருந்தார்.

கல்யாணப் படம். யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவன் செய்கிற காரியம்.

திருப்பிப் பார்த்தாள். அப்பாவின் கையெழுத்தேதான். 'என் மகள் ஜீவிதா கல்யாணம். 12-6-2008.'

அப்போது துர்கா விடுதியில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பழைய நெல் மண்டியைக் கலைக்கூடமாக்கி ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. வெளியூர்க் கலைஞர்களைக் கூப்பிட்டு, மூன்று மாதம் சோறு போட்டுத் தங்க வைப்பார்கள். பதிலுக்கு அவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும். ஊரையும் கலையையும் சேர்த்து வைக்கிற வேலை துர்காவுக்கு. கல்யாணத் தரகு எவ்வளவோ தேவலை.

இந்த முறை வந்த ஜோசுவா கேட்டது ஒன்றே ஒன்று. "உங்க வீட்டுச் சுவத்துல மாட்டாம ஒளிச்சு வெச்சிருக்கிற போட்டோ ஒண்ணு கொண்டாந்து உறையில வெச்சுப் பெட்டியில போடுங்க. பேர் வேணாம். நாங்க மாட்டறோம்."

ஒருத்தரும் போட மாட்டார்கள் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பெட்டி நிறைந்துவிட்டது.

"இது ஒண்ணு மட்டும் வேணாம் சார்," என்றாள் துர்கா.

"ஏன், நல்ல படமா இருக்குதே?"

"எங்கப்பா சார்."

ஜோசுவா படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நம்பிக் கொண்டுவந்து போட்டிருக்காங்க துர்கா. எடுக்கறதுக்கு நமக்கு உரிமை இல்ல."

"அஞ்சு மணிக்குக் கண்காட்சி பார்க்க எங்கம்மா வருது. கலையாவது கத்திரிக்காயாவதுன்னு இந்த வாசப்படியே மிதிக்காதது, இன்னிக்கி தானா வரேன்னு சொல்லிச்சு. அப்பா போயி ரெண்டு வருசம்கூட ஆகல. இதப் பார்த்தா தாங்காது சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு விளக்குகளைச் சரிபார்க்கப் போனார். துர்கா படத்தைத் தன் பைக்குள் தள்ளினாள்.

அதிர்ந்துகூடப் பேசாத மனுஷன் அப்பா. அந்தப் பெண் துர்காவைவிட மூத்தவள், பார்த்தாலே தெரிகிறது. அப்படியென்றால் இவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நடந்திருக்கிறது. தினமும் அவர் படத்துக்கு விளக்கேற்றுகிறாளே அம்மா, அவளுக்கு எப்பேர்ப்பட்ட துரோகம். இதைத் துணிந்து கொண்டுவந்து போட்டவள் மட்டும் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஐந்து மணிக்கு அம்மா புவனேஸ்வரி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கட்டியிருந்தது நல்ல பட்டு. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். கடைசிப் படம் வரைக்கும் போனாள். திரும்பவும் முதலிலிருந்து வந்தாள்.

"துர்கா, என் படம் எங்கடீ?"

"உன் படமா?"

"போன வாரம் நீ இல்லாத நேரம் வந்து நான்தான் பெட்டியில போட்டுட்டுப் போனேன். உங்கப்பா தாரை வார்த்துக்கினு இருப்பாரு."

"அப்ப உனக்கு எல்லாம் தெரியுமாம்மா? யாரு அந்தப் பொண்ணு?"

"முனுசாமி பொண்ணு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி, ஓரிக்கையில நம்ம கெணத்துல தூர்வார எறங்கனவன், மண்ணு சரிஞ்சு செத்துப்பூட்டான். அது அப்ப மூணு வயசுப் புள்ள. அன்னிலேர்ந்து உங்கப்பா அத மகள்னுதான் சொல்வாரு. படிக்க வெச்சாரு. ஊருக்கு வெளிய அவங்க காலனியிலயே பந்தல் போட்டு, பெத்தவன் எடத்துல நின்னு கட்டிக் குடுத்தாரு."

துர்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்து படத்தை எடுத்து துப்பட்டாவால் துடைத்தாள்.

"எவ்ளோ பெரிய மனுசன்மா. நான் பாவி, அவரு வேற எங்கயோ ஒரு குடும்பம் வெச்சிருந்தாருன்னு நெனச்சிட்டேன். இதப் போயி ஏம்மா வீட்ல மாட்டல?"

"மாட்டினாரு. நான்தான் கழட்டினேன்." அம்மாவின் குரல் இறங்கிப்போனது. "சொந்தக்காரங்க வந்து, யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டாங்க. காலனிப் பொண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரலடீ."

"அப்புறம் என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நீ இப்ப நெனச்சியே, அதையேதான் அவங்களும் நெனச்சாங்க. அதுவே மேலுன்னு விட்டுட்டேன்."