ரவாங்கிலிருந்து வந்த ஷாமினி

தடதடவென்று மாடிப்படியில் காலடிச் சத்தம்.

"ஆசிரியரே! உங்க எழுத்தாளர் ஷாமினி வந்தாச்சா, இல்லையா?"

கேட்டுக்கொண்டே நுழைந்தவர் கிஷன். பின்னாலேயே மூச்சு வாங்க இராஜம்மா. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் யுகேந்திரன் நடத்தும் 'நாளைய வானம்' அறிவியல் புனைகதை இதழுக்கு அச்சுச் செலவு கொடுப்பது இராஜம்மாவின் அறவாரியம். கிஷன் அதன் செயலாளர்.

"வந்துடுவாங்க சார். ரவாங்லேர்ந்து ட்ரெய்ன்ல வரணும்..."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அக்கா, அப்படி ஒரு ஆளே இல்ல லா. எல்லாம் கம்ப்யூட்டர் எழுதற கதை!"

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான்" என்றார் இராஜம்மா. "யுகேந்திரன், இன்னிக்கு அந்தப் பொண்ண நேர்ல பார்க்கலைன்னா, இந்த இதழோட நிறுத்திக்குவோம்."

யுகேந்திரனுக்குத் தெரியும்: ஷாமினி வரமாட்டாள். ரவாங்கில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் அவள் இல்லை. எழுத ஆள் கிடைக்காமல் பக்கங்கள் காலியாகக் கிடந்தபோது அவரே சூட்டிக்கொண்ட பெயர் அது. ஆசிரியர் புனைபெயரில் எழுதக் கூடாது என்பதோ அறவாரியத்தின் முதல் நிபந்தனை.

கீழே இருந்த கோப்பிக் கடையைப் பார்த்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "பாஸ்! மேல மூணு கோப்பி ஓ! எனக்கு மட்டும் கோசோங், சீனி வேணாம்!"

கிஷன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கோப்பி வந்தது. அதன் பின்னாலேயே, தோளில் பையும் நெற்றியில் வியர்வையுமாக ஒரு பெண்ணும் வந்தாள்.

"சாரி ஆன்டி, ட்ரெய்ன் லேட். நான்தான் ஷாமினி."

யுகேந்திரன் கையிலெடுத்த கோப்பியைக் கீழே வைத்தார். யார் இவள்? 'நீ ஷாமினி இல்லை' என்றால், 'அப்படியானால் யார்?' என்று கேட்பார்களே!

கிஷன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீயா எழுதினே? சரி, உன் கதையில வியாழன்ல தண்ணி எங்க இருக்கு?"

"வியாழன்ல இல்ல சார், அதோட நிலாவுல. பனிக்கு அடியில."

"விண்கப்பல் உடையப்போற நேரத்துல உன் கேப்டன் என்ன செய்வான்?"

"சீனி போடாத கோப்பி குடிப்பான்."

"அது என்ன பழக்கம்?"

"பயந்தா எனக்கு இனிப்பு இறங்காது சார். அவனுக்கும் அப்படித்தான்."

இராஜம்மா கடகடவென்று சிரித்துவிட்டார். "கேட்டியா கிஷன்? இப்படிக் கம்ப்யூட்டருக்குப் பயப்படத் தெரியுமா? யுகேந்திரன், அடுத்த வருஷமும் இதழ நடத்துங்க!"

அவளுடைய கன்னத்தைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிஷனும் போனார்.

யுகேந்திரன் கதவைச் சாத்தினார். "யாரும்மா நீ? உன்னை யாரு அனுப்பினா?"

அவள் ஆறிக்கொண்டிருந்த கோப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கிஷன் பெரியப்பாதான் சார்! ஆன்டி நம்பணும்னுதான் சந்தேகப்படற மாதிரி நடிச்சாரு. உங்க கேப்டன் குடிக்கற கோப்பிய வச்சே எழுதறது நீங்கதான்னு எப்பவோ கண்டுபிடிச்சிட்டாரு. இதழ் நின்னுட்டா அந்தக் கப்பல் பூமிக்குத் திரும்புச்சான்னே தெரியாமப் போயிடுமேன்னு, கேள்வி பதில் எல்லாத்தையும் நேத்தே என்னை மனப்பாடம் பண்ண வச்சிட்டாரு!"